வாரண்டியில் இருக்கும் புது காருக்கு எஞ்சின் ஆயில்: எதைப் பார்ப்பது, எதை எழுதி வாங்குவது

என் காரின் ஓராண்டு சர்வீஸ் பில்லில் ஆயில் வரியில் ஒரு பார்ட் நம்பர், ‘எஞ்சின் ஆயில்’ என்ற பெயர், 3.5 என்ற அளவு, தொகை, அவ்வளவுதான் இருந்தது. எந்த கிரேடு (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) என்று கேட்டேன். "கம்பெனி ஆயில்தான் சார், கவலைப்படாதீங்க" என்றார் சர்வீஸ் அட்வைசர். அந்தக் கம்பெனி பெயரிலேயே மூன்று நான்கு கிரேடு வருகிறதே, அதில் எது? அதைத் தெரிந்துகொள்ள மின்னஞ்சல், போன், மறுபடி நேரில் என்று அலைய வேண்டியிருந்தது. கடைசியில் பில்லின் ஓரத்தில் பேனாவால் கிரேடை எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்கள். வண்டியை விடும்போதே கேட்டால் இது ஐந்து நிமிட வேலை. பில் போட்ட பிறகு கேட்டால் இந்தப் பாடுதான்.

முதல்முறை கார் வாங்கி, வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த ஆயில் ஊற்றுவது, எங்கே மாற்றுவது, எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துவது என்று குழம்புகிறவர்களுக்கானது இது. நம் ஊரில் ஓடும் சாதாரண பெட்ரோல், டீசல் கார்களை வைத்துத்தான் எல்லாம் சொல்கிறேன். எலக்ட்ரிக் கார்க்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

1. முதலில் கையேடு, அப்புறம்தான் கடை

காருடன் ஓனர்ஸ் மேனுவலும் வாரண்டி விவரங்கள் உள்ள சர்வீஸ் புத்தகமும் தருவார்கள். சில நிறுவனங்கள் அச்சுப் புத்தகத்தை மெலிதாக்கிவிட்டு, முழுக் கையேட்டை இணையதளத்திலோ செயலியிலோ பிடிஎஃப் ஆக வைத்திருக்கின்றன. அதை இறக்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் கவுன்டரில் வாக்குவாதம் வந்தால் வாயால் பேசுவதைவிட அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவது சுலபம்.

கையேட்டின் கடைசிப் பகுதியில், டயர் காற்றழுத்தமும் பல்பு வாட்டும் வருகிற இடத்தை ஒட்டி, ஆயில் வகைகளுக்கு ஓர் அட்டவணை இருக்கும். அதிலிருந்து நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்:

- கிரேடு: 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போல
- தரக்குறியீடு (ஆயில் தரம் வகுக்கும் அமைப்பின் பெயரும் அது கொடுக்கும் எழுத்தும்): ஏபிஐ எஸ்பி, இல்சாக் ஜிஎஃப்-6, ஏசிஇஏ சி3 போல
- அளவு: ஃபில்டரோடு மாற்றினால் எத்தனை லிட்டர்
- இடைவெளி: எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை மாதம்

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. ஒரே பெயரில் வரும் காருக்கு சாதா பெட்ரோல், டர்போ பெட்ரோல், டீசல் என்று இரண்டு மூன்று எஞ்சின்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் தனி வரி. பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பதும் அதே கார்தான் என்று அவர் ஊற்றியதையே ஊற்றினால், அவருடையது டர்போவாக இருக்கலாம், உங்களுடையது சாதாவாக இருக்கலாம். ஆர்சி புத்தகத்தில் எரிபொருள், சிசி விவரம் இருக்கிறது, ஒத்துப் பாருங்கள். வெளிநாட்டில் விற்கும் அதே மாடலுக்கான கையேட்டையும் யூடியூப் வீடியோவையும் நம்ப வேண்டாம். உங்கள் வாரண்டிக்குப் பொருந்துவது இந்தியச் சந்தைக்கான கையேடு மட்டுமே.

2. கேனில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கப் பழகுங்கள்

வாரண்டி விஷயத்தில் கேனின் முன்பக்கம் இருக்கும் பிராண்ட் பெயரும் பளபளப்பான படமும் அவ்வளவு முக்கியமில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் முக்கியம்.

முதலில் கிரேடு. 0டபிள்யூ-20 என்பதில் டபிள்யூ என்றால் குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதாக இருந்தால் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் சீக்கிரம் மேலே ஏறும். பின்னால் உள்ள எண், 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. 20 என்று போட்ட ஆயில் அந்தச் சூட்டில் 6.9-இலிருந்து 9.3 சென்டிஸ்டோக்குக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 40 என்று போட்டது 12.5-இலிருந்து 16.3-க்குள். 20-க்குப் பதில் 40 ஊற்றினால் ஆயில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கெட்டியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாருதியின் பிஎஸ்6 (2020 ஏப்ரல் முதல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதி) பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16 சொல்கிறார்கள். ஹோண்டா பெட்ரோல் கார்களில் 0டபிள்யூ-20. இன்னும் பல கார்களுக்கு 5டபிள்யூ-30. இவற்றைப் பொதுவாகத்தான் சொல்கிறேன். உங்கள் கையேட்டில் உள்ள வரிதான் கடைசிச் சொல்.

அடுத்து தரக்குறியீடு. பெட்ரோல் கார்களுக்கு ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் எழுத்துகள்தான் அதிகம் பார்ப்பீர்கள். 2010-இல் எஸ்என், 2018-இல் எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி, 2025-இல் எஸ்க்யூ என்று வந்தன. பிந்தையது முந்தையதற்குப் பதிலாக நிற்கும். கையேட்டில் எஸ்என் என்று இருந்தால் அதே கிரேடில் எஸ்பி ஊற்றலாம். எஸ்பி கேட்கும் வண்டிக்கு எஸ்என் ஊற்றக் கூடாது.

டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்கள் இதில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் மேல் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, ஸ்பார்க் பிளக் பொறி கொடுக்கும் முன்பே கலவை பற்றிக்கொள்வது உண்டு. எல்எஸ்பிஐ என்கிறார்கள். கடுமையாக நடந்தால் பிஸ்டனே உடையும். ஆயிலில் கலக்கும் கால்சியம் சேர்மானங்கள் இதைக் கூட்டுகின்றன என்று தெரிந்த பிறகுதான் எஸ்என் பிளஸ், எஸ்பி தரங்களில் இதற்கென்று சோதனை வந்தது. கடையில் "எஸ்என்னும் எஸ்பியும் ஒண்ணுதான் சார், ஒரு எழுத்துதான் வித்தியாசம்" என்று பழைய ஸ்டாக்கைத் தள்ளப் பார்த்தால் வாங்காதீர்கள்.

டீசல்காரர்களுக்கு வேறு கதை. 2020 ஏப்ரல் முதல் வரும் பிஎஸ்6 டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டி தானே எரித்துவிடும். ஆனால் ஆயில் எரிந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். ஏசிஇஏ என்ற ஐரோப்பிய அமைப்பின் தரத்தில் சி2, சி3 என்று எழுதியிருப்பவை அந்த வகை. இவை பெட்ரோல் ஆயில் எழுத்துகள் போல் ஒன்றுக்கு மேல் ஒன்று அல்ல. சி2 கேட்டால் சி2, சி3 கேட்டால் சி3. லாரிக்கும் டிராக்டருக்கும் விற்கும் 15டபிள்யூ-40 டீசல் ஆயிலை "இதுவும் டீசலுக்குத்தான்" என்று ஊற்ற விடாதீர்கள். டிபிஎஃப் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அது அடைத்துக்கொண்டு வாரண்டிக்குப் போய் நின்றால், அவர்கள் முதலில் கேட்பதே எந்த ஆயில் என்றுதான்.

ஐரோப்பிய வண்டிகளில் நிறுவனமே தனக்கென்று எண் வைத்திருக்கும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 504 00, 508 00 போன்றவை அப்படி. கேனில் அந்த எண்ணைப் பார்த்ததும் எடுத்துவிடாதீர்கள். ‘அப்ரூவல்’ என்ற தலைப்பின் கீழ் அது இருக்கிறதா, அல்லது ‘இந்த வண்டிகளுக்கும் பயன்படுத்தலாம்’ என்பது போன்ற வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னது கார் நிறுவனம் சோதித்து ஒப்புக்கொண்டது. பின்னது ஆயில் விற்பவர் தானே சொல்லிக்கொள்வது.

ஒரு கடைசி எச்சரிக்கை: நம் ஊர் ஆயில் கடைகளில் பாதி அலமாரி பைக் ஆயில்தான். 10டபிள்யூ-30 என்று அதிலும் கார் ஆயில் போலவே எழுதியிருக்கும். ஜாசோ (ஜப்பானியத் தரக்குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற எழுத்து கண்ணில் பட்டால் அது பைக்குக்கு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

3. ‘நம்ம ஊர் வெயிலுக்கு’ என்று ஆரம்பித்தால்

வெளி மெக்கானிக் மட்டும் இல்லை, சில நேரம் சர்வீஸ் சென்டரிலேயே சொல்வார்கள். "இதெல்லாம் ஜப்பான் குளிருக்கு சார். நம்ம வெயிலுக்கு இது தண்ணி மாதிரி ஆயிடும். நான் வேணா 5டபிள்யூ-40 போட்டுத் தர்றேன்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எஞ்சினுக்குள் இருக்கும் சூட்டை முடிவு செய்வது வெளியே அடிக்கும் வெயில் இல்லை, தெர்மோஸ்டாட். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 90 டிகிரியை ஒட்டி நிற்கும்படிதான் அது வேலை செய்கிறது. ஊட்டியில் 15 டிகிரியில் ஓடினாலும் வேலூரில் 41 டிகிரியில் ஓடினாலும், சூடான எஞ்சினின் ஆயில் வெப்பநிலையில் அந்த 26 டிகிரி வித்தியாசம் அப்படியே வந்து சேராது. சில கையேடுகளில் வெளி வெப்பநிலைக்கு எதிரே எந்த கிரேடு என்று கோடு போட்ட படமே இருக்கும். கோடு எதுவரை போகிறது என்று பார்த்துவிட்டு அதை மெக்கானிக்கிடமும் காட்டுங்கள்.

மெலிந்த ஆயில் வந்ததற்கு மைலேஜ் ஒரு பெரிய காரணம் என்று மெக்கானிக்குகள் சொல்வது உண்மைதான். அதற்காக எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மெலிதாக்கவில்லை. ஆயில் பம்பு, பேரிங் இடைவெளி, வால்வு டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் நகர்த்தும் அமைப்பு எல்லாம் அந்த ஆயிலுக்கென்று வடிவமைத்தவை. ஒருமுறை கெட்டியான ஆயில் ஊற்றினால் எஞ்சின் அன்றே பிடித்துக்கொள்ளாது. மைலேஜ் கொஞ்சம் குறையும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் ஏறத் தாமதமாகும். இதையெல்லாம்விட, கையேட்டில் இல்லாத கிரேடு உங்கள் பில்லில் ஏறிவிடும். வாரண்டி முடியும்வரை அந்த பில் உங்களுக்கு எதிராகப் பேசும்.

கையேட்டிலேயே இரண்டு கிரேடு கொடுத்திருந்தால் இரண்டுமே உங்களுக்கு அனுமதிதான். தினமும் நான்கு பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் அந்த இரண்டில் கெட்டியானதை எடுப்பதில் தப்பில்லை. நானாக இருந்தால் முதலில் போட்டிருப்பதையே எடுப்பேன்.

4. எங்கே மாற்றுவது, எவ்வளவு ஆகும்

‘இலவச சர்வீஸ்’ என்றால் கூலி மட்டும்தான் இலவசம். ஆயில், ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்கான வாஷர் எல்லாவற்றுக்கும் காசு. 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும். இது தெரியாமல் வெறுங்கையோடு போய்த் திகைத்தவர்கள் நிறையப் பேர்.

சின்ன பெட்ரோல் காருக்கு மூன்றிலிருந்து நான்கு லிட்டருக்குள் ஆயில் பிடிக்கும். சிந்தெட்டிக் ஆயில் லிட்டர் ஏறத்தாழ 500-இலிருந்து 1,000 ரூபாய். ஃபில்டர், வாஷர் சேர்த்து 2,000-இலிருந்து 4,500-க்குள் முடிய வேண்டும். டீசலில் அளவும் கூடுதல், சாம்பல் குறைந்த ஆயிலுக்கு விலையும் கூடுதல். 4,000-இலிருந்து 6,000 வரை எடுத்து வையுங்கள். பில் இதைத் தாண்டி எகிறினால் ஆயில் தவிர வேறு ஏதோ ஏறியிருக்கிறது. எஞ்சின் ஃபிளஷ், ஆயில் அடிட்டிவ், எஞ்சின் கோட்டிங் என்று 500, 1,000 ரூபாய்க்கு அட்வைசர் பட்டியல் நீட்டுவார். புது எஞ்சினுக்கு இவை தேவையில்லை. ஆயிலில் வேறு எதையும் கலக்காதீர்கள் என்று பல கையேடுகளே சொல்கின்றன. அந்தப் பக்கத்தைக் காட்டி, வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே (வண்டியில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் தாள்) எழுதச் சொல்லிவிடுங்கள். வாயால் சொன்னது மெக்கானிக்கின் காதுக்குப் போய்ச் சேராது.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் அவர்கள் ஆயிலையே ஊற்றுவது. வாரண்டி காலம் முழுக்க இதுதான் என் சிபாரிசு. வெளியே மாற்றினால் சில நூறு ரூபாய் மிச்சமாகலாம். அந்தச் சில நூறுக்காக மூன்று வருட வாரண்டியோடு விளையாட எனக்கு மனமில்லை.

அதே சென்டரில் நீங்கள் வாங்கிப் போகும் ஆயிலை ஊற்றச் சொல்வது. சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள், சில இடங்களில் முடியாது என்பார்கள். கையேடு கேட்கும் ஆயில் அவர்களிடம் ஸ்டாக் இல்லாதபோது இது உதவும். போவதற்கு முன் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பி, இன்ன கிரேடு, இன்ன தரம், இன்ன பிராண்ட், ஊற்றலாமா என்று கேட்டுப் பதில் வாங்குங்கள். ஜாப் கார்டில் வெறுமனே ‘வாடிக்கையாளர் கொடுத்த ஆயில்’ என்று எழுத விடாதீர்கள். கிரேடும் தரமும் பேட்ச் எண்ணும் கூடவே வர வேண்டும்.

மூன்றாவது, வெளியே மாற்றுவது. வெளியே மாற்றினாலே வாரண்டி மொத்தமும் போய்விடும் என்பதைச் சட்டம் அப்படியே ஏற்கவில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டுமே வாரண்டியை ரத்து செய்யும் பொத்தாம்பொது நிபந்தனை கூடாது, அந்த வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றது. அப்புறம் மேல்முறையீடு, வழக்கு என்று இழுத்தது. உத்தரவு இருக்கிறது என்பதற்காக சர்வீஸ் கவுன்டரில் போய் அதைப் படித்துக் காட்டி வண்டியை வாங்கிக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். தகராறு முற்றி எழுத்தில் போகும்போது கைகொடுக்கும், அவ்வளவுதான். நீட்டிக்கப்பட்ட வாரண்டி வாங்கியிருந்தால் அதன் விதிமுறையைத் தனியாகப் படியுங்கள். எல்லா சர்வீஸையும் அங்கீகரிக்கப்பட்ட இடத்திலேயே செய்திருக்க வேண்டும் என்று அதில் போட்டிருப்பது சாதாரணம்.

5. ஜாப் கார்டும் பில்லும்

வண்டியை விடும்போது அட்வைசர் டேப்லெட்டில் ஜாப் கார்டு போடுவார். அப்போதே இந்த வரியை ஏற்றச் சொல்லுங்கள்: ‘எஞ்சின் ஆயில் 0டபிள்யூ-20 ஏபிஐ எஸ்பி, கையேட்டின்படி. கிரேடை பில்லில் குறிப்பிடவும். வேறு கிரேடு என்றால் முன்கூட்டித் தெரிவிக்கவும்.’ கிரேடும் தரமும் உங்கள் வண்டிக்கு உரியவை. எதற்கு சார் இதெல்லாம் என்பார். சிரித்துக்கொண்டே "ஒரு பதிவுக்குத்தான்" என்று சொல்லுங்கள், ஏற்றிவிடுவார்.

ஆயில் ஊற்றும்போது பார்க்க முடிந்தால் பாருங்கள். பல இடங்களில் கண்ணாடி வழியாகப் பார்க்க விடுகிறார்கள். கழற்றிய பழைய ஃபில்டரைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஆயிலை மாற்றிவிட்டு ஃபில்டரை மாற்றாமல் பில் மட்டும் போடுவதற்கு இது ஒரு தடை.

பில் கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள்:

- ஆயிலின் பெயரோடு கிரேடு இருக்கிறதா? வெறும் பார்ட் நம்பர் மட்டும் என்றால் பேனாவால் எழுதி சீல் வாங்குங்கள்.
- அளவு கையேட்டோடு ஒத்துப்போகிறதா? பேரலிலிருந்து ஊற்றுகிற இடத்தில் 3.3 என்று தசமத்தில் வர வேண்டும். 3.3 பிடிக்கும் வண்டிக்கு முழு 4 லிட்டர் கேன் போட்டிருந்தால் மீதி 700 மில்லி உங்களுடையது, கேனோடு கேட்டு வாங்குங்கள்.
- ஆயில் ஃபில்டர் தனி வரியாக இருக்கிறதா?
- ஓடிய கிலோமீட்டர், தேதி, சேசிஸ் எண் மூன்றும் சரியா? கிலோமீட்டரில் ஓர் எண் தட்டச்சில் மாறினால்கூட, அடுத்த சர்வீஸ் தாமதம் என்று பின்னால் காட்டும்.

சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது எல்லாம் சிஸ்டத்தில் ஏறிவிடும், முத்திரை தேவையில்லை என்பார்கள். ஏறுகிறதுதான். இரண்டு நாள் கழித்து நிறுவனத்தின் செயலியில் உங்கள் வண்டி வரலாற்றைத் திறந்து, இந்த சர்வீஸ் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெளிக் கடையில் ஆயில் வாங்கியிருந்தால் அந்த ரசீது பெரும்பாலும் தெர்மல் தாளில் இருக்கும். காரின் டேஷ்போர்டுக்குள் வைத்தால் ஒரு கோடைக்கே எழுத்து வெளுத்து வெறும் தாளாகிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

6. எப்போது மாற்ற வேண்டும்

பெரும்பாலான கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. இந்த ‘எது முதலில்’தான் பலரை மாட்டிவிடுகிறது. மாதம் இருமுறை மட்டும் எடுக்கும் கார் வருடத்தில் 3,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். "இன்னும் 7,000 இருக்கே" என்று விட்டால், தேதி கடந்து வாரண்டி நிபந்தனை மீறியதாகிவிடும். ஓராண்டு என்பது வண்டி டெலிவரி எடுத்த நாளிலிருந்து கணக்கு. புக் செய்த நாளோ பதிவு எண் வந்த நாளோ இல்லை. சில நிறுவனங்கள் முன்னே பின்னே சில நாளோ சில நூறு கிலோமீட்டரோ சலுகை தருகின்றன. சர்வீஸ் புத்தகத்தில் அது எழுத்தில் இருந்தால் மட்டும் நம்புங்கள்.

கடுமையான பயன்பாடு என்று கையேட்டில் தனிப் பகுதி இருக்கும். அதில் இடைவெளி ஏறக்குறைய பாதியாகிவிடும். மலைப்பாதை, புழுதி, டாக்ஸி ஓட்டம் மட்டும்தான் கடுமை என்று நினைப்போம். வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு மூன்று கிலோமீட்டர், மாலையில் திரும்ப மூன்று என்று ஓட்டுவதும் கடுமைதான். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுகிறோம். ஆயிலில் கலக்கும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற நேரமே கிடைப்பதில்லை.

முதல் 1,000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்ற வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் ஓட்டிய வண்டிகளுக்கு அது சரி. இன்றைய கார்களில் முதல் சர்வீஸ் பெரும்பாலும் பார்வையிடுவது மட்டுமே. தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலை அட்டவணைக்கு முன்னால் மாற்ற வேண்டாம் என்று எழுதும் நிறுவனங்களும் உண்டு. அட்டவணைப்படி விடுங்கள்.

தேதி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் விழுந்தால் இரண்டு மூன்று வாரம் முன்பே புக் செய்துவிடுங்கள். ஊருக்குக் கிளம்பும் எல்லாரும் அப்போதுதான் வண்டியை விடுவார்கள். அவசரத்தில் ஜாப் கார்டை யாரும் படிப்பதில்லை.

7. கேன் நீங்களே வாங்குவதாக இருந்தால்

காலி கேனை வாங்கி, கண்ட ஆயிலை நிரப்பி, மறுபடி சீல் வைத்து விற்பது நம் நாட்டில் பழைய தொழில். கேனை வாங்கியதும் மூடியைத் திருகிப் பாருங்கள், வளையம் உடையும் சத்தம் வர வேண்டும். உள்ளே அலுமினியத் தாள் சமமாக ஒட்டியிருக்க வேண்டும். சில பிராண்டுகளில் சுரண்டிப் பார்க்கும் குறியீடோ க்யூஆரோ இருக்கும், கடையிலேயே சோதியுங்கள். எம்ஆர்பியிலிருந்து பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் ஏன் என்று யோசியுங்கள்.

பொதுத்துறை ஆயில் என்றால் அந்தந்த பெட்ரோல் பங்கிலேயே வாங்கலாம்: இந்தியன் ஆயில் பங்கில் சர்வோ, பாரத் பெட்ரோலியத்தில் மேக். மற்ற பிராண்டுகளுக்கு நிறுவனத்தின் தளத்தில் உள்ள விநியோகஸ்தர் பட்டியலைப் பாருங்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டில் எல்லாமும் கிடைக்கும். ஆனால் ஜிஎஸ்டி பில் தராத கடையில் வாங்குவது வாரண்டி வண்டிக்கு உதவாது. பில்லில் ஆயில் பெயர், கிரேடு, பேட்ச் எண் வாங்குங்கள். கேனின் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். ஆயில் ஊற்றியதும் காலி கேனில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு எடைக்குப் போடுங்கள்.

8. மாற்றிய மறுநாள் டிப்ஸ்டிக்

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) உருவி, பஞ்சு உதிராத துணியால் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு மறுபடி எடுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே, மேல்குறியை ஒட்டி இருந்தால் சரி. மேல்குறியைத் தாண்டியிருந்தால் ஆயில் அதிகம், திரும்பக் கொண்டுபோய்க் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

டிபிஎஃப் உள்ள டீசல் காரில் அளவு குறைவதைப் போலவே கூடுவதையும் கவனியுங்கள். நகரத்துக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டமாக ஓடினால், கரியை எரிக்கப் பீய்ச்சும் டீசல் ஆயிலில் கலந்து மட்டம் ஏறும். அப்படித் தெரிந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம்.

நடுவழியில் ஆயில் குறைந்து விளக்கு எரிந்தால் கிரேடு பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். வண்டியை ஓரம்கட்டி எஞ்சினை அணையுங்கள். ஆயில் இல்லாமல் ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. அருகே கிடைக்கும் நல்ல கார் ஆயிலில் உங்கள் கிரேடுக்கு நெருங்கியதை அரை லிட்டர் ஊற்றி மட்டத்தைப் பாருங்கள். விளக்கு அணையாவிட்டால் இழுவை வண்டிதான். ஊற்றியதற்கான பில்லை வைத்துக்கொண்டு, சென்டரில் சொல்லி ஜாப் கார்டில் பதிவு செய்யுங்கள்.

9. ‘ஆயில் காரணமாக வாரண்டி இல்லை’ என்றால்

வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பாகம் பழுது, ஆயிலில் எது பொருந்தவில்லை, அதுதான் காரணம் என்று எந்தச் சோதனை காட்டியது. ஆயில் இன்னும் எஞ்சினில் இருந்தால், உங்கள் முன்னிலையில் இரண்டு சுத்தமான பாட்டிலில் எடுத்து சீல் வைத்து, ஒன்றை உங்களிடம் தரச் சொல்லுங்கள். எஞ்சினைப் பிரித்த பிறகு அந்த ஆயில் கிடைக்காது.

பிறகு டீலரைத் தாண்டி கார் நிறுவனத்துக்கு மின்னஞ்சல். கையேட்டுப் பக்கம், எல்லா பில்களும், ஜாப் கார்டும் இணைப்பாக. பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம், அது இலவசம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் சிறிய தொகைதான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. டீலர், கார் நிறுவனம் இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் பொறுப்பு மற்றவருடையது என்று கையைக் காட்டிக்கொண்டே காலம் கடத்துவார்கள்.